சனிக்கிழமைப் பிரெஞ்சு

போன வாரம் நம் பழைய மாணவிகள் கைப்பேசிக் குழுவில் நடந்த சண்டையை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஷா ஆலம் பக்கம் ஏதோ ஓர் அரசாங்கப் பள்ளியில் பிரெஞ்சு வகுப்பை நிறுத்தப் போகிறார்களாம். ஆசிரியர் மாற்றலாகிப் போய்விட்டார், அந்த இடத்துக்கு ஆள் போடவில்லை, பெற்றோர்கள் கையெழுத்து திரட்டுகிறார்கள். ஒருத்தி அந்தச் செய்தியைப் போட்டதும், "நம்ம பிள்ளைங்க தமிழ் படிக்கவே வழியக் காணோம், இதுல பிரெஞ்சு ஒண்ணுதான் குறைச்சலா?" என்று இன்னொருத்தி எழுதினாள். அதற்குக் கட்டைவிரல்கள் வரிசையாக விழுந்தன. நானும் ஏதோ தட்டினேன். அழித்தேன். திரும்பத் தட்டினேன், திரும்ப அழித்தேன். நமக்கெல்லாம் அறுபது நெருங்குகிறது. இந்த வயதில் கோபம் வந்தால் முதலில் இரத்த அழுத்தத்தைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. மாத்திரையைப் போட்டுக்கொண்டு நிதானமாக எழுதலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

உங்களில் பாதிப் பேருக்கு நம் பள்ளியில் பிரெஞ்சு வகுப்பு இருந்ததே தெரியாது. இருந்தது. படிவம் ஒன்றில், பதின்மூன்று வயதில் தொடங்கி, படிவம் இரண்டு அரையாண்டு விடுமுறையோடு முடிந்தது. நான் சொல்லப் போவது அந்தக் கடைசி ஐந்து மாதங்களைப் பற்றி. சீனப் பெருநாளுக்கு வெடித்த பட்டாசுத் தாள் சாக்கடையில் ஊறிக் கிடந்த நாளிலிருந்து ஜூன் வரைக்கும்.

வகுப்பு நடந்தது மனையியல் அறையில். ஒரு பக்கம் நான்கு கேஸ் அடுப்பு, மறுபக்கம் உறை போட்ட தையல் மெஷின்கள். வெள்ளிக்கிழமை யாரோ கேக் சுட்ட மாஜரின் வாசம் சனிக்கிழமை காலையிலும் போயிருக்காது. இன்றைக்கும் மாஜரின் உருகும் வாசம் வந்தால் எனக்குக் கேக் ஞாபகம் வருவதில்லை, வினைச்சொல் அட்டவணைதான் வருகிறது.

சொல்லிக் கொடுத்தவர் ஒரு மலாய் ஆசிரியை. சிக்கு என்றுதான் கூப்பிடுவோம், மலாயில் ஆசிரியர் என்று அர்த்தம். வடக்கே ஏதோ நெல்வயல் ஊரில் பிறந்து, அரசாங்கச் செலவில் பிரான்சுக்குப் போய்க் கணக்குப் படித்துத் திரும்பியவர். வார நாட்களில் பெரிய படிவத்துக்குக் கணக்கு எடுப்பார். பிரெஞ்சு அவராகக் கேட்டு வாங்கிக்கொண்ட வேலை. ஒரு வெளிநாட்டுக் கலாசார நிலையம் புத்தகங்களும் ஒரு டேப் ரிக்கார்டரும் கொடுத்திருந்தது. வெள்ளி நிறம், பேட்டரி மூடி உடைந்துபோய் ரப்பர் பேண்டு போட்டிருக்கும். புத்தகத்தில் ஒரு குடும்பம். அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள், ஒரு நாய். எல்லாரும் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு எப்போதும் எங்கேயோ கிளம்பிக்கொண்டே இருப்பார்கள்.

முதல் பாடத்தில் டேப்பில் ஓர் ஆள், "ஊ எ லா கார்?" என்று கேட்பான். ரயில் ஸ்டேஷன் எங்கே இருக்கிறது என்று அர்த்தம். பிரிக்ஃபீல்ட்ஸ் பிள்ளைகளிடம் கேட்கிற கேள்வியா இது? ஜன்னலைத் திறந்தால் இன்ஜின் சத்தம். எங்களில் பாதிப் பேர் ரயில்வே குவார்ட்டர்ஸ். எங்களோடு படித்த பூக்கடைக்காரர் மகள் எழுந்து நின்று, டேப்பிலிருப்பவனுக்கு வழி காட்டுவதைப் போல ஜன்னல் பக்கம் கையை நீட்டினாள். வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. சிக்குவும் சிரித்துவிட்டு, "சரி, அதை அவனுக்கு அவன் பாஷையில் சொல்லு" என்றார். அவள் சொன்னாள். தட்டுத் தடுமாறாமல் சொன்னாள். எங்களுக்கெல்லாம் அந்த 'ர' தொண்டைக்குள் சிக்கிக்கொண்டு வெளியே வராது; அவளுக்கு மட்டும் வந்தது.

வீட்டில் அந்த 'ர'வை நான் குளியலறையில் பழகுவேன். வெளியிலிருந்து அம்மா குரல் கொடுப்பார். "என்னாடி, சளி கட்டிக்கிச்சா? மிளகு தட்டிப் போட்டுத் தரவா?"

"சளி இல்லம்மா. பிரெஞ்சு."

"எதுவா இருந்தாலும் துப்பிட்டு வா. கோப்பி ஆறுது."

அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ரயில்வே அலுவலகத்தில் எழுத்து வேலை, கிராணி. வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா, ஒன்று சிவப்பு. ஆங்கிலப் பள்ளியில் படித்தவர். தமிழைத் தானாகவே படித்துத் தேறியவர். எங்கள் பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்கு அவர்தான் செயலாளர். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு நம் பள்ளிக்கு வந்ததே அவரால்தான். ஆரம்பப் பள்ளிக்கு மேல் தமிழ்ப் பள்ளி கிடையாது; இடைநிலைப் பள்ளியில் பிள்ளைகள் தாய்மொழி படிக்க வேண்டும் என்றால் குறைந்தது பதினைந்து பேர் சேர வேண்டும். அந்தப் பதினைந்து பேருக்காக வீடு வீடாக ஏறி இறங்கினார். பதினேழு பேரைப் பிடித்துவிட்டார். வேறொரு பள்ளியிலிருந்து ஒரு தமிழ் வாத்தியார் மோட்டார் சைக்கிளில் வந்து பாடம் எடுத்துவிட்டுப் போவார்.

காலை எட்டு மணிக்குத் தமிழ். பத்து மணிக்குப் பிரெஞ்சு. இடையில் கேண்டீன் பூட்டியிருக்கும் என்பதால் வீட்டிலிருந்து கொண்டுபோன ரொட்டியைப் படியில் உட்கார்ந்து தின்போம். பிரெஞ்சில் நாங்கள் பதினெட்டுப் பேர். அதில் நான், பூக்கடைக்காரர் மகள், இன்னும் மூன்று பேர் என ஐந்து பேர் இரண்டு வகுப்புக்கும் போகிறவர்கள். எட்டு மணிக்குக் குறிலும் நெடிலும், பத்து மணிக்கு மூக்கால் பேசுகிற உயிரெழுத்து. எங்களுக்கு அது பெரிய விஷயமாகவே தெரியவில்லை. பதினான்கு வயதில் எதுதான் கனம்?

அப்பாவுக்குப் பிரெஞ்சு மேல் பெரிய கோபமும் கிடையாது, பிரியமும் கிடையாது. "தமிழ் முதல்ல முடியுதில்ல? அப்புறம் என்னா வேணா படி" என்பார். அவ்வளவுதான். ஏப்ரல் மாதம் வரைக்கும் அவ்வளவுதான்.

ஏப்ரலில் புதுத் தலைமையாசிரியை வந்தார். வந்த இரண்டாவது வாரம் ஒரு சுற்றறிக்கை. அரையாண்டு விடுமுறைக்குப் பிறகு சனிக்கிழமைகளில் எட்டிலிருந்து பத்து மணி வரைதான் பள்ளி திறந்திருக்கும். கேட்டைக் காக்கும் ஜாகாவைக் கூடுதல் நேரத்துக்கு வைக்க ஒதுக்கீடு இல்லை. ஆகவே இரண்டு வகுப்பும் ஒரே நேரத்தில் நடக்கும். ஒவ்வொரு வகுப்பிலும் பதினைந்து பேர் இருக்க வேண்டும், இல்லையென்றால் வகுப்பு நிற்கும்.

நாங்கள் ஐந்து பேரும் படியில் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். நாங்கள் பிரெஞ்சுக்குப் போனால் தமிழில் பன்னிரண்டு. தமிழுக்குப் போனால் பிரெஞ்சில் பதின்மூன்று. எந்தப் பக்கம் போனாலும் மறுபக்கம் செத்தது.

"நம்மளாலயா இதெல்லாம்?" என்று ஒருத்தி கேட்டாள்.

"ஜாகாவாலலா" என்றாள் பூக்கடைக்காரர் மகள். யாரும் சிரிக்கவில்லை.

அவளுக்கு மற்றவர்களைவிடக் கூடுதல் பயம். ஜூலையில் அந்தக் கலாசார நிலையம் பள்ளிகளுக்கிடையே ஒப்புவித்தல் போட்டி வைத்திருந்தது. முதலில் வருகிறவரை மூன்று வாரம் பிரான்சுக்கு அழைத்துப் போவார்கள். எங்கள் பள்ளியிலிருந்து சிக்கு அவள் பெயரைக் கொடுத்திருந்தார். கடையில் மல்லிகை கட்டும்போதெல்லாம் அவள் வாய் முணுமுணுத்துக்கொண்டே இருக்கும். அவள் அப்பா வாடிக்கையாளர்களிடம், "மந்திரம் இல்லீங்க, அது ஃபிரான்சு" என்று பெருமையாகச் சொல்வார். அவருக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியும்.

அடுத்த சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் சிக்கு என்னை நிறுத்தினார். கையில் ஒட்டிய உறை. "இதை உன் அப்பாவிடம் கொடு. பெற்றோர் சங்கக் கூட்டத்துக்கு முன்னால் அவர் படிக்க வேண்டும்" என்றார். அவர் எங்களிடம் மலாயில்தான் பேசுவார். நான் தமிழில் சொல்கிறேன். பிறகு, நான் கேட்காமலே, உள்ளே என்ன இருக்கிறது என்று விளக்கினார். ஒரு வாரம் தமிழ், ஒரு வாரம் பிரெஞ்சு என்று மாற்றி மாற்றி நடத்தலாம். ஐந்து பேரும் இரண்டிலும் இருக்கலாம். பெற்றோர் சங்கம் இரண்டு வகுப்புக்கும் சேர்த்து ஒரே கடிதமாகக் கொடுத்தால் மேலிடம் ஒப்புக்கொள்ளும், அவர் விசாரித்துவிட்டார். "இன்னொன்றும் எழுதியிருக்கிறேன். அதுதான் முக்கியம்" என்றார். பள்ளியில் குறைந்தது இரண்டு மொழி வகுப்பாவது இருந்தால்தான் சனிக்கிழமை பள்ளியைத் திறக்க அனுமதி. ஒன்று நின்றால் மற்றதும் நிற்கும்.

உறையை அப்பாவிடம் கொடுத்தேன். அவர் அப்போதுதான் வேலை முடிந்து வந்திருந்தார். பிரித்தார், பார்த்தார். ஒரு முழுப் பக்கம், இரண்டாவது பக்கத்தில் பாதி, தட்டச்சு செய்தது. மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"என்னாப்பா எழுதியிருக்கு?" என்று கேட்டேன். அவர் வாயால் கேட்க ஆசை.

"ஸ்கூல் விஷயம். நான் பாத்துக்கறேன்."

அம்மா அடுப்படியிலிருந்து, "ரெண்டையும் படிச்சா பிள்ளைக்குத் தலை வெடிச்சிருமா? ரெண்டும் இருக்கட்டுமே" என்றார். அந்த வீட்டில், அந்தப் பள்ளியில், அந்த மாதம் முழுவதும் பேசப்பட்டதிலேயே உருப்படியான பேச்சு அதுதான். அப்பா செய்தித்தாளை விரித்துக்கொண்டார்.

கூட்டம் மே மாதத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நடந்தது. மண்டபத்தில் காற்றாடி இரண்டுதான் சுற்றியது. வந்திருந்த பெற்றோரில் முக்கால்வாசி நம்மவர்கள். மற்றவர்கள் ஓர் இருபது பேர். எங்களைப் போன்ற மாணவிகள் நாலைந்து பேரைத் தண்ணீர் கொடுக்க அழைத்திருந்தார்கள். பின்பக்கம் மேசையில் ரோஸ் சிராப் பானமும் உருளைக்கிழங்கு வைத்துப் பொரித்த கறிபாப்பும். சிராப் கலந்த வாளியைச் சுற்றித் தேனீ வந்துகொண்டே இருந்தது. அதை விரட்டுவதுதான் என் வேலை. தமிழ் வாத்தியார் வரவில்லை. அவர் நம் பள்ளி ஆசிரியர் இல்லை என்பதால் யாரும் அவரைக் கூப்பிடவில்லை.

அப்பா எழுந்தார். தலைமையாசிரியைக்கு ஆங்கிலத்தில் வணக்கம் சொல்லிவிட்டு நம்மவர்கள் பக்கம் திரும்பித் தமிழுக்கு மாறினார்.

"ஏழு கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கற பாஷைக்கு டேப் ரிக்கார்டர் வருது. கலர் படம் போட்ட புத்தகம் வருது. வேணாங்கல. நல்லா வரட்டும். ஆனா நம்ம தமிழ் வாத்தியாருக்கு ஒரு சாக்பீஸ் பெட்டி வருதா? சொல்லுங்க! அந்த மனுஷன் சொந்தக் காசுல வாங்கிட்டு வராரு. இப்ப ரெண்டுல ஒண்ணுதான் இருக்கும்னு சொல்றாங்க. எது இருக்கணும்?"

கைதட்டல். அவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. வாத்தியார் சாக்பீஸைச் சட்டைப் பையிலிருந்து எடுப்பதை நான் கண்ணால் பார்த்தவள். அதனால்தான் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் அடங்க மாட்டேன் என்கிறது. உண்மையைச் சொல்லியே ஒரு மனிதர் இவ்வளவு பெரிய தவறைச் செய்ய முடியும் என்று எனக்கு அப்போது தெரியாது.

சிக்கு எழுந்தார். இளநீல பாஜு குரோங் உடை, கையில் ஒரு கோப்பு. அவருக்கு மேடைப் பழக்கம் இல்லை. பதற்றத்தில் வேகம் கூடி, வடக்கத்தி உச்சரிப்பும் அலுவலக மலாயும் கலந்து, மூச்சுவிடாமல் பேசினார். விதி எண், ஒதுக்கீடு, அங்கீகாரம், மாற்று வாரம். கடைசியில் அந்த வாக்கியம் வந்தது: இந்த இரண்டில் எதை நிறுத்தினாலும் சனிக்கிழமைப் பள்ளி முழுவதும் நின்றுவிடும், ஐயா, தயவுசெய்து இரண்டுக்கும் சேர்த்து எழுதுங்கள்.

புரிந்துகொண்டவர்கள் அந்த மண்டபத்தில் இருந்திருப்பார்கள். சிலர் கறிபாப் தின்றுகொண்டிருந்தார்கள். சிலருக்கு இது தங்கள் பிள்ளை விஷயம் இல்லை. தலைமையாசிரியைக்கு நிச்சயமாகப் புரிந்தது; அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு தலைவலி தானாகக் குறைவதை எந்த அதிகாரி தடுப்பார்?

அப்பா தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். முடிந்ததும், "தேங்க் யூ டீச்சர், வி அண்டர்ஸ்டாண்ட்" என்றார். பிறகு கண்ணால் மண்டபத்தைத் துழாவி என்னைப் பிடித்தார்.

"இதோ என் மகளே நிக்கிறா. ரெண்டு வகுப்புக்கும் போறவ. பெரியவங்க நாம எதுக்குப் பேசிக்கிட்டு? அவளையே கேப்போம். முன்னால வாம்மா."

கையில் ஆறு கிளாஸ் வைத்த தட்டு. அதைக் கீழே வைக்கவும் தோன்றவில்லை, அப்படியே போய் நின்றேன்.

"சொல்லும்மா. உனக்குத் தமிழ் வேணுமா, பிரெஞ்சு வேணுமா?"

முதல் வரிசையில் பூக்கடைக்காரர், துவைத்த சட்டை போட்டுக்கொண்டு, எனக்கு உற்சாகம் கொடுப்பதைப் போலச் சிரித்தார். அவருக்கு என்ன நடந்துகொண்டிருக்கிறது என்று தெரியவில்லை. சிக்கு நின்றுகொண்டே இருந்தார்.

"தமிழ்" என்றேன்.

மண்டபம் கைதட்டிய சத்தத்தில் கூரையிலிருந்த புறா பறந்தது. சிக்குவுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அந்த ஒரு சொல்லைத் தெரிந்துகொள்ளத் தமிழ் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அவர் உட்கார்ந்தார். கை தூக்கச் சொன்னார்கள், தூக்கினார்கள். சங்கத்தின் ஆதரவுக் கடிதம் தமிழ் வகுப்புக்கு மட்டும் என்று முடிவானது. பூக்கடைக்காரரும் கை தூக்கினார். தமிழுக்குத்தானே.

பிரெஞ்சு வகுப்பின் கடைசி சனிக்கிழமை அரையாண்டு விடுமுறைக்கு முந்தினது. புத்தகங்களைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். ஒவ்வொருத்தியும் தன் புத்தகத்தில் பென்சிலால் எழுதியிருந்த அர்த்தங்களை அழித்துவிட்டுக் கொடுக்க வேண்டும். பதினெட்டு அழிரப்பர் ஒரே நேரத்தில் தேய்த்த சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. பிறகு சிக்கு, ஒன்றும் நடக்காததைப் போல, இறந்தகாலம் எடுத்தார். புத்தகம் இல்லாமலே. மணி அடிக்கும்வரை எடுத்தார்.

"போட்டி?" என்று பூக்கடைக்காரர் மகள் கேட்டாள்.

"வகுப்பு இல்லாத பள்ளியின் பெயரில் போக முடியாது. நான் கேட்டுப் பார்த்தேன். இரண்டு முறை கேட்டேன்" என்றார் சிக்கு.

எல்லாரும் போன பிறகு நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் டேப் ரிக்கார்டரின் ஒயரைச் சுற்றிக்கொண்டே, "அத்தனை பேர் முன்னால் நீ வேறு என்ன சொல்லியிருக்க முடியும்?" என்றார். பிறகு, "அந்தக் கடிதத்தை உன் அப்பா படித்தாரா?" என்று கேட்டார்.

"தெரியாது" என்றேன். அது உண்மைதான்.

கேட்டுக்கு வெளியே பூக்கடைக்காரர் மகள் எனக்காகக் காத்திருந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை.

"உங்கப்பாவுக்குத் தமிழ் இருக்கு. உனக்கு உங்கப்பா இருக்காரு. எனக்கு அது ஒண்ணுதான் நல்லா வந்துச்சு" என்றாள். அதன்பின் அவள் என்னோடு பேசவே இல்லை. படிவம் மூன்று முடிந்ததும் பள்ளியை விட்டு நின்றாள். கல்யாணமாகி சுங்கை வேயில் தொழிற்சாலை வேலைக்குப் போனாள் என்று கேள்விப்பட்டேன். பல வருடம் கழித்து பங்சாரில் ஒரு கல்யாண விருந்தில் எதிரெதிரே உட்கார நேர்ந்தது. பழைய கதையை நான் எடுத்தேன். "அதுவா? எப்பவோ மறந்துட்டேன்லா" என்று சொல்லிவிட்டுப் பக்கத்திலிருந்தவருக்குச் சாம்பாரை நகர்த்தினாள். அவள் போட்டியில் ஜெயித்திருப்பாள் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். தோற்றும் இருக்கலாம். தோற்கிற இடம்வரைக்கும்கூட அவளை நாங்கள் விடவில்லை, அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

சரி, தமிழ் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். விடுமுறை முடிந்து முதல் சனிக்கிழமை எட்டு மணிக்குப் போனோம். கேட் பூட்டியிருந்தது. தமிழ் வாத்தியார் மோட்டார் சைக்கிளை விட்டு இறங்காமல் நின்றுகொண்டிருந்தார். ஜாகா கம்பிக்கு உள்ளேயிருந்து, "ஆர்டர் இல்ல வாத்தியாரே. ஒரு வகுப்புக்குலாம் தொறக்கக் கூடாதாம்" என்றார்.

அன்று வாத்தியார் எங்களைப் பஸ் நிற்கும் கொட்டகையில் உட்காரவைத்து ஒரு மணி நேரம் பாடம் எடுத்தார். பஸ் வரும்போதெல்லாம் நிறுத்தி, போனதும் தொடர்ந்தார். அடுத்த வாரம் மழை. அதற்கடுத்த வாரம் ஒன்பது பேர்தான் வந்தோம். அப்புறம் வாத்தியாரும் வரவில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு தலைமையாசிரியையைப் பார்க்கப் போனார். அவர் கோப்பைத் திறந்து மேசையில் திருப்பி வைத்தார். ஆங்கிலத்தில், மிகவும் மரியாதையாகச் சொன்னார்: "இதைத்தான் ஆசிரியை கூட்டத்தில் சொன்னார். உங்களுக்கு எழுத்திலும் கொடுத்திருந்தார். உங்களுக்குப் புரிந்தது என்றுதான் நீங்களும் சொன்னீர்கள்."

அப்பா கோப்பைப் பார்த்தார். எழுந்தார். வீடு வரும்வரை நடந்தே வந்தோம், பஸ் எங்களைத் தாண்டிப் போயும். மேலிடத்துக்கு மூன்று கடிதம் எழுதினார், ஆங்கிலத்தில். எதற்கும் பதில் வரவில்லை. சிக்கு ஏற்கெனவே வேறு மாநிலத்துக்கு மாற்றலாகியிருந்தார். கணக்கு மட்டும் எடுக்க.

இதைத்தான் அந்தக் குழுவில் எழுத முடியாமல் தவித்தேன். ஒரு மொழி வகுப்பு மூடினால் இன்னொன்றுக்கு இடம் கிடைக்கும் என்று இன்னமும் நினைக்கிறோமே, எந்த ஊரில் கிடைத்தது? பிரெஞ்சுக்கு ஆள் இல்லை என்று சொல்கிற அதே வாய்தான் நாளைக்குத் தமிழுக்கும் ஆள் இல்லை என்று சொல்லும். இரண்டு பந்திக்கும் சேர்த்து ஓர் அகப்பைச் சோறு போட்டுவிட்டு அவர்கள் ஒதுங்கிக்கொள்கிறார்கள். நாம் இலையைப் பிடித்து இழுத்துக்கொள்கிறோம்.

அந்த ஆகஸ்டில் அப்பா எங்கேயோ விசாரித்து, கிள்ளானில் ஒரு பள்ளியில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு நடப்பதைக் கண்டுபிடித்தார். வெளிப் பிள்ளையையும் சேர்த்துக்கொள்வார்களாம். ரயில்வே கிராணி மகள்தான், ஆனால் அந்த நேரத்துக்கு ரயில் கிடையாது. ஆறு மணிக்கெல்லாம் கிள்ளான் பஸ் ஏறுவோம். போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம். நான் உள்ளே படிக்கும்போது அவர் வெளியே வாகை மரத்தடியில் குடையை ஊன்றிக்கொண்டு நிற்பார். படிவம் ஐந்து முடியும்வரை, மூன்று வருடத்துக்கு மேல், ஒரு சனிக்கிழமைகூட விடவில்லை. நான் தமிழில் தேர்வு எழுதியது அப்படித்தான்.

ஒருநாள் பஸ்ஸில் கேட்டேவிட்டேன். அப்போது எனக்குப் பதினாறு வயது. கேட்கிற தைரியம் வந்திருந்தது.

"அன்னைக்குச் சிக்கு அவ்வளவு கெஞ்சிச் சொன்னாங்களே. நீங்க ஏன்பா கேக்கவே இல்ல?"

அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு, எனக்கு மட்டும் கேட்கிற குரலில், "எனக்குப் புரியலம்மா" என்றார்.

"என்னா புரியல?"

"அவங்க பேசுனது. பாசார்ல மீன் வாங்கற மலாய்தான் எனக்குத் தெரியும். எங்க காலத்துல ஸ்கூல்ல எல்லாம் இங்கிலீஷ்தானே. அந்தக் கடிதத்த வச்சிக்கிட்டு மூணு நாள் பாத்தேன். டிக்ஷ்னரியும் எடுத்துப் பாத்தேன். பாதிக்கு மேல போகல. யார்கிட்டயும் கேக்க வெக்கமா இருந்துச்சு. செயலாளர் இல்லையா?"

பஸ் நின்றது, ஆட்கள் ஏறினார்கள், கிளம்பியது.

"உனக்குப் புரிஞ்சுதா? அன்னைக்கு?" என்று கேட்டார்.

"ம்."

"எல்லாமே?"

"எல்லாமேப்பா. சிக்கு முன்னாடியே என்கிட்ட சொல்லிருந்தாங்க."

"அப்புறம் ஏம்மா சொல்லல?"

"நீங்க அத கேக்கலியே. தமிழா பிரெஞ்சான்னுதானே கேட்டீங்க."

அவர் தலையை ஆட்டினார். கூட்டத்தில் ஆட்டினாரே, அப்படியில்லை. கிள்ளானில் இறங்கியதும் எனக்குப் பசியாற வாங்கிக் கொடுத்தார், தான் சாப்பிடவில்லை.

தன் மேல் தவறு என்று அவர் அன்றும் சொல்லவில்லை, கண் மூடும்வரை சொல்லவில்லை. எனக்கு அதில் இன்னமும் வருத்தம் உண்டு. ஆனால் அந்த வாரத்திலிருந்து வீட்டுக்கு மலாயில் எந்தக் கடிதம் வந்தாலும், மின்சார வாரியத்திலிருந்தோ பள்ளியிலிருந்தோ, அவர் பிரிக்க மாட்டார். சாப்பாட்டு மேசையில் என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, கை கழுவிக்கொண்டு வந்து எதிரே உட்காருவார். நான் படித்துச் சொல்லி முடிக்கும்வரை சோற்றில் கை வைக்க மாட்டார்.